பி மதிப்பு 0.07: குழுவுக்கு இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாமா?

கத்துக்குட்டி

வணக்கம். உளவியல் முதுகலை, கடைசிப் பருவம். தீசிஸ் விஷயமாக ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நீ சரியாகச் செய்யவில்லை' என்று கேட்டவுடன் ஒருவரின் விடாமுயற்சி குறைகிறதா என்பதுதான் என் கேள்வி. பங்கேற்பாளர்கள் முதலில் ஓர் அறிவுத்திறன் தேர்வு எழுதுவார்கள். விடைகளை நான் திருத்துவதே இல்லை. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரிடம் 'உங்கள் மதிப்பெண் சராசரிக்கு ரொம்பக் கீழே' என்றும் மீதிப் பேரிடம் 'சராசரிதான்' என்றும் சொல்வேன். அப்புறம் தீர்வே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்து, எவ்வளவு நேரம் முயல்கிறார்கள் என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பேன். அதிகபட்சம் 30 நிமிடம். எத்தனை முறை புதிதாகத் தொடங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்வேன். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி உண்டு.

குழுவுக்கு 20 பேர் என்று 40 பேர் முடிந்தார்கள். இரண்டு குழுக்களின் சராசரியையும் ஒப்பிடும் டி சோதனையில் பி 0.07. (பி என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தென்படும் வாய்ப்பு; 0.05க்குக் கீழே வந்தால்தான் வழக்கமாக ஏற்பார்கள்.) கைடு பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட வந்துவிட்டது, குழுவுக்கு இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் 0.05க்குள் வந்துவிடும்" என்கிறார். பொய் சொல்லச் சொல்கிற ஆள் இல்லை அவர். மாதிரி பெரிதானால் நல்லதுதானே என்பது அவருடைய வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் நெருடுகிறது. இதில் தவறு ஏதாவது இருக்கிறதா?

எதிர்வாதி

இதில் என்ன நெருடல்? மாதிரி பெருகினால் திட்டப்பிழை (சராசரியில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) குறையும், முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது. வேறு யாராவது 60 பேரை ஒரேயடியாக எடுத்திருந்தால் ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதே 60 பேர் இரண்டு தவணையில் வந்தார்கள் என்பதற்காக அது குற்றமாகிவிடுமா?

புள்ளிமான்

எதிர்வாதி சொல்வதில் பாதி சரி. 40 பேரைவிட 60 பேர் மேல்தான். சிக்கல் புதிதாக வரும் 20 பேரில் இல்லை. அவர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை எது முடிவு செய்கிறது? பி 0.04 என்று வந்திருந்தால் கைடு இன்னும் பத்துப் பேரைக் கேட்டிருப்பாரா? மாட்டார். 'பிடித்த முடிவு வந்தால் நிறுத்து, வராவிட்டால் தொடர்' என்பதுதான் இங்கே எழுதப்படாத விதி. தராசு நமக்கு வேண்டிய பக்கம் சாயும் நொடியில் மட்டும் எடையைப் படிப்பது போன்றது இது.

0.05 என்ற எல்லைக்குப் பொருள் என்ன? இரண்டு குழுக்களுக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலால் வித்தியாசம் தென்படும். அப்படி நூற்றுக்கு ஐந்து முறை ஏமாறுவதை ஏற்றுக்கொள்கிறோம். ஒரே ஒருமுறை பார்த்தால்தான் அந்த ஐந்து. பார்க்கப் பார்க்க ஏறும்.

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் 2011இல் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எடுத்த உதாரணம் அப்படியே உங்கள் கதைதான்: குழுவுக்கு 20 பேர், சோதனை, வரவில்லையா, குழுவுக்கு இன்னும் 10. பொய்க் கண்டுபிடிப்பு விகிதம் 5 சதவீதத்திலிருந்து 7.7 சதவீதம் ஆனது.

எதிர்வாதி

7.7 தானா? இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? 0.05 என்பதே புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் வசதிக்காக வைத்த எல்லை. கிட்டத்தட்ட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு), நினைவில் வைக்கச் சுலபம், அவ்வளவுதான். அது ஐந்தாக இருந்தால் என்ன, ஏழே முக்காலாக இருந்தால் என்ன?

இன்னொன்று. கருதுகோளே ஒருதிசைதானே? விடாமுயற்சி குறையும் என்றுதான் எதிர்பார்ப்பு, கூடும் என்று அல்ல. ஒரு திசையில் வரும் வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் ஒருவால் சோதனை போடுங்கள். 0.07இல் பாதி 0.035. யாரையும் கூப்பிடவே வேண்டாம்.

கத்துக்குட்டி

இதையும் கைடு சொன்னார்! இன்னொன்றும் சொன்னார். 'ரொம்பக் கீழே' குழுவில் ஒருவர் முழு 30 நிமிடமும் புதிரை விடவே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் அதற்கு வெகு முன்பே எழுந்துவிட்டார்கள். அந்த ஒருவரை அவுட்லயர் (மற்றவர்களிடமிருந்து வெகுவாக விலகியவர்) என்று எடுத்துவிட்டால் பி 0.04. 'ஆண், பெண் தனித்தனியாகவும் பார்' என்றார். முயற்சிகளின் எண்ணிக்கையை வைத்து இன்னும் கணக்கிடவில்லை.

புள்ளிமான்

பார்த்தீர்களா எதிர்வாதி, 7.7 ஏன் 7.7இல் நிற்காது என்று. கத்துக்குட்டி கையில் இப்போது எத்தனை கதவுகள்? ஆள் சேர்ப்பது, ஒருவால், அவுட்லயர், ஆண்-பெண், இரண்டாவது அளவீடு. நான் சொன்ன அந்த ஆய்விலேயே மீதிக் கணக்கும் இருக்கிறது. இரண்டு அளவீடுகள் வைத்துக்கொண்டு எது வேலை செய்கிறதோ அதைச் சொன்னால் 9.5 சதவீதம். அதோடு பத்துப் பேரைச் சேர்க்கும் வழியும் இருந்தால் 14.4. ஆண்-பெண் வித்தியாசத்தையும் நுழைத்தால் 30.9. மூன்று குழு வைத்து ஒன்றை விட்டுவிடும் சுதந்திரமும் சேர்ந்தால் 60.7. எதுவுமே இல்லாத இடத்தில், பத்தில் ஆறு முறை ஏதோ ஒன்றைக் 'கண்டுபிடித்து' விடலாம். இதே வழிகளை உண்மையான ஆட்களிடம் பயன்படுத்தி, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று 'நிரூபித்தும்' காட்டினார்கள். ஒரு எண்ணைக்கூட இட்டுக்கட்டவில்லை.

ஒருவால் சோதனை தன்னளவில் பாவம் அல்ல. ஆனால் டேட்டாவைத் தொடுவதற்கு முன்பே அதை எழுதி வைத்திருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால், மறுதிசையில் எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் நெஞ்சுரமும் வேண்டும். இப்போது மாற்றினால் அது 0.035 அல்ல, 0.07க்குப் போட்ட முகமூடி.

அந்த 30 நிமிடக்காரரை எடுக்காதீர்கள். அவர் புதிரை ஒழுங்காகத்தான் செய்தார், கடிகாரம் பழுதாகவில்லை, விதியை மீறவில்லை. உங்கள் கருதுகோளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் உங்கள் டேட்டாவிலேயே சுவாரசியமான ஆள் அவர்தான். 'ரொம்பக் கீழே' என்று கேட்டதும் சிலர் இன்னும் வீம்பாக உட்கார்வார்களோ? சராசரி, திட்டவிலக்கம் என்ற இரண்டு எண்களோடு நிறுத்திவிட்டால் இது தெரியவே தெரியாது. 40 புள்ளிகளையும் தனித்தனியாக வரைந்து காட்டுங்கள். 1973இல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளைக் கொடுத்தார். நான்கிலும் சராசரி, பரவல், ஒட்டுறவு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம்.

நிழல்வெளி

சிகிச்சை உளவியலில் இருக்கிறேன், சில ஆண்டுகள் எத்திக்ஸ் கமிட்டியிலும் இருந்தேன். எல்லோரும் பி மதிப்பைச் சுற்றியே பேசுகிறீர்கள். கத்துக்குட்டியிடம் ஒரே கேள்வி: 'ரொம்பக் கீழே' என்று கேட்டுவிட்டுப் போன அந்த 20 பேருக்கு அது பொய் என்று இப்போது தெரியுமா?

கத்துக்குட்டி

இல்லை அக்கா. ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால், எல்லோரையும் முடித்த பிறகு ஒரே மின்னஞ்சலில் சொல்வதாகத்தான் திட்டம். கமிட்டி அதற்குத்தான் அனுமதி கொடுத்தது. மொத்தம் 40 பேர் என்று எழுதியிருந்தேன்.

நிழல்வெளி

அப்படியானால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. இன்னும் 20 பேரைச் சேர்ப்பது என்றால், தங்களுக்கு அறிவு குறைவு என்று நம்பிக்கொண்டிருக்கும் 20 பேரை இன்னும் சில வாரங்கள் அப்படியே விட்டுவைப்பது. அதோடு புதிதாகப் பத்துப் பேரிடம் அதே பொய்யைச் சொல்வது. எதற்காக? ஒரு தசமப் புள்ளிக்காக. கமிட்டி 40 பேருக்கு அனுமதி கொடுத்தது, 'தேவைப்படும் வரை' என்று அல்ல.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் ஏமாற்றுதலுக்கு இடம் உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. ஏமாற்றாமல் செய்ய வழி இருக்கக் கூடாது. கடுமையான மனவேதனை தரும் என்று தெரிந்தால் செய்யவே கூடாது. முடிந்த அளவு சீக்கிரம், கூடுமானால் பங்கேற்பு முடியும்போதே, எப்படியும் டேட்டா சேகரிப்பு முடிவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தெரிந்த பிறகு 'என் டேட்டாவை எடுத்துவிடுங்கள்' என்று அவர்கள் கேட்கலாம். நீங்கள் வைத்திருப்பது அதில் கடைசிக் கெடு. அந்தக் கெடுவை முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

எதிர்வாதி

இது கொஞ்சம் மிகை. ஒரு மாலை நேரத்துத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்று கேட்டதற்கு யார் இடிந்துபோவார்கள்? மில்கிராம் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் சொன்னதற்காக, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிப் பங்கேற்பாளர்கள் விசையை அழுத்திய ஆய்வு அது. 1963இல் வெளிவந்த முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் பிறகு கேட்டபோது 84 சதவீதம் பேர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றார்கள். மனிதர்கள் நீங்கள் நினைப்பதைவிடத் திடமானவர்கள்.

நிழல்வெளி

அந்த 84 எப்போதும் வருகிறது. 1964இலேயே உளவியலாளர் பாம்ரிண்ட் அம்மையார் இதையெல்லாம் கேள்வி கேட்டுவிட்டார். நம்பி வந்தவரை ஆய்வாளர் அவமதிக்கலாமா என்பது அவர் கேட்டது. பிறகு மகிழ்ச்சி என்று சொன்னார்கள் என்பது அதற்குப் பதில் ஆகாது. மில்கிராமின் பங்கேற்பாளர்கள் பலருக்கு முழு உண்மை பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது என்று பின்னாளில் ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதினார்கள்.

'யார் இடிந்துபோவார்கள்' என்பதற்கும் ஆய்வு உண்டு. 1975இல் ராஸ், லெப்பர், ஹப்பார்ட் செய்தது. தற்கொலைக் குறிப்புகளில் உண்மையானது எது, போலி எது என்று பிரிக்கும் பணி. சிலரிடம் 'பிரமாதமாகச் செய்தீர்கள்' என்றார்கள், சிலரிடம் 'மோசம்' என்றார்கள். இரண்டுமே முன்கூட்டியே குலுக்கலில் தீர்மானித்த பொய். அப்புறம் அது பொய் என்று நேரடியாகச் சொல்லியும் விட்டார்கள். அதன் பிறகும் 'பிரமாதம்' கேட்டவர்கள் தங்கள் திறமையை உயர்வாகவும், 'மோசம்' கேட்டவர்கள் குறைவாகவும்தான் மதிப்பிட்டார்கள். காரணம் நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். 'நான் மோசம்' என்று கேட்டவுடன் மனம் அதற்கு ஆதாரம் தேடத் தொடங்கிவிடுகிறது. பொய் போன பிறகும் தேடிச் சேர்த்த ஆதாரங்கள் மிஞ்சுகின்றன.

அந்த ஆய்விலேயே மருந்தும் இருக்கிறது. 'அது பொய்' என்பதோடு நிறுத்தாமல், பொய்யான கருத்து இப்படி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதையும் விளக்கிச் சொன்னபோது பாதிப்பு பெருமளவு குறைந்தது. ஆகவே உங்கள் மின்னஞ்சல் இரண்டு வரியாக இருக்கக் கூடாது. முடிந்தால் நேரில் சொல்லுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நீங்கள் எழுதிய தேர்வின் விடைத்தாளை யாரும் திருத்தவில்லை. நீங்கள் அறைக்குள் வருவதற்கு முன்பே, உங்களிடம் என்ன சொல்வது என்பதைக் குலுக்கல் முடிவு செய்துவிட்டது. பிறகு கொடுத்த புதிருக்குத் தீர்வே கிடையாது. இது தெரிந்த பிறகும் 'ஒருவேளை எனக்கு நிஜமாகவே வரவில்லையோ' என்று தோன்றக்கூடும். அப்படித் தோன்றுவது பலரிடமும் ஆய்வுகளில் காணப்பட்டது. அந்த எண்ணத்தை உண்டாக்கியது நாங்கள் சொன்ன வாசகம்தான். உங்கள் தரவை நீக்க விரும்பினால் காரணம் சொல்லத் தேவையில்லை."

எதிர்வாதி

ராஸ் ஆய்வு எனக்குத் தெரியாது. சரி, உண்மையை உடனே சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது வேறு, இது வேறு. சொல்லிவிட்டு, புதிதாக ஆட்களைச் சேர்க்கலாமே? எண்ணிக்கை விளையாட்டை மில்கிராமோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

ஒரே தட்டில் வைக்க வேண்டாம், ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் இரண்டும். 40 பேரிடம் பொய் சொல்லியிருக்கிறோம். அந்தப் பொய்யை எதைச் சொல்லி நியாயப்படுத்துகிறோம்? 'இதிலிருந்து அறிவு கிடைக்கும்' என்று. கிடைப்பது அறிவா, சலித்து எடுத்த தற்செயலா என்பதைப் புள்ளியியல்தான் சொல்லும். அது ஓட்டையானால் பொய்க்குச் சொன்ன நியாயமும் போய்விடுகிறது. கமிட்டிகள் ஒப்புதல் படிவத்தின் எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள், மாதிரி அளவை ஏன் 40 என்று வைத்தாய் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு இது தீராத எரிச்சல்.

கத்துக்குட்டிக்கு வேறொரு கேள்வி. குலுக்கலைப் பார்த்து, பொய்யைச் சொல்லி, ஸ்டாப்வாட்ச்சையும் பிடித்தது ஒரே ஆளா?

கத்துக்குட்டி

ஆமாம் சார், எல்லாம் நான்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அப்படியானால் பி மதிப்பைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் ஓர் ஆய்வு வந்து பாடப்புத்தகம் வரை போனது. 2012இல் டோயனும் மற்றவர்களும் அதைத் திரும்பச் செய்தார்கள். ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதில் அகச்சிவப்பு உணர்கருவி வைத்தபோது அந்த விளைவு வரவில்லை. 'இவர்கள் மெதுவாக நடப்பார்கள்' என்ற எதிர்பார்ப்பைச் சோதனை நடத்துபவர்களிடம் ஊட்டியபோதுதான் தலைகாட்டியது. உங்கள் குரல், உங்கள் முகம், 'விட்டுவிடுகிறேன்' என்று ஒருவர் முணுமுணுக்கும்போது பொத்தானை அழுத்துவதா பொறுப்பதா என்ற தயக்கம், எல்லாவற்றிலும் கருதுகோள் புகுந்துவிடும். நேர்மையானவர்களிடமும் புகும். குறைபாடுகள் பகுதியில் இதை முதலில் எழுதுங்கள்.

புள்ளிமான்

வாத்தியார் சொன்ன 'ஏன் 40' என்பதைப் பிடித்துக்கொள்கிறேன், எதிர்வாதிக்கும் பதில் அதில் இருக்கிறது. நடுத்தர அளவு விளைவு, அதாவது திட்டவிலக்கத்தில் பாதி, உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குழுவுக்கு 20 பேர் வைத்துக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். வழக்கமாகக் கேட்கும் 80 சதவீதத் திறன், அதாவது நூற்றுக்கு எண்பது முறை கண்டுபிடிக்கும் வாய்ப்பு, வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர். விளைவு சிறியதாக, 0.2 என்ற அளவில் இருந்தால் குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று. குழுவுக்கு 20 பேர் இருக்கும்போது பி 0.05க்குக் கீழே வர, டேட்டாவில் தெரியும் வித்தியாசம் குறைந்தது 0.64 திட்டவிலக்கம் இருந்தாக வேண்டும். உண்மை 0.5 என்றால், உண்மையைச் சொல்லும் ஆய்வு 'தோற்றது' என்று பெட்டிக்குள் போகும். ஊதிப்போன எண் வந்த ஆய்வு மட்டும் இதழில் வரும். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது நடந்தது இதன் அறுவடைதான். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 0.05க்குள் இருந்தன, திரும்பச் செய்ததில் 36 சதவீதம். விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகிவிட்டது.

உங்கள் 0.07க்கு வருவோம். இரண்டு குழுவுக்கும் 20 என்பதால் விளைவின் அளவு சுமார் 0.59. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, சூன்யத்துக்குச் சற்றுக் கீழிருந்து 1.2 வரை. அதாவது 'ஒன்றுமே இல்லை' என்பதிலிருந்து 'மிகப் பெரியது' வரை எதுவும் இருக்கலாம். இந்த டேட்டாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது.

இடையில் பார்ப்பதே கூடாது என்பதும் இல்லை. மருத்துவச் சோதனைகளில் தினமும் செய்கிறார்கள். சம இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பேன் என்று முன்பே எழுதிவைத்தால், இரண்டு முறையும் எல்லையை 0.05க்குப் பதில் 0.0294 என்று வைக்க வேண்டும். மொத்தப் பிழை 5 சதவீதத்துக்குள் நிற்கும். கத்துக்குட்டிக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

எதிர்வாதி

எண்கள் சரி, வாழ்க்கைக்குத்தான் ஒத்துவரவில்லை. முதுகலை மாணவருக்கு 128 பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்? 'சிறிய ஆய்வு அறமற்றது' என்று சொல்லிவிட்டால் பணமும் ஆளும் இருக்கிற பெரிய ஆய்வகங்கள் மட்டும்தான் ஆய்வு செய்ய முடியும்.

புள்ளிமான்

இது நியாயமான அடி, முழுப் பதில் என்னிடம் இல்லை. சில மாணவர்கள் சேர்ந்து ஒரே திட்டத்தைப் பல இடங்களில் செய்யலாம். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தன்கட்டுப்பாடு தீர்ந்துபோகும் என்ற கருத்தை 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தன. விளைவு ஏறத்தாழ பூஜ்யம். பொய்ப் பின்னூட்டம் தேவைப்படாத கேள்வியாக எடுத்துக்கொண்டால், ஒரே ஆளையே இரண்டு நிலைகளிலும் அளந்து ஆள் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இல்லையென்றால் சிறிய ஆய்வைச் சிறிய ஆய்வாகவே எழுதலாம். அது ஒன்றும் கேவலம் இல்லை.

கத்துக்குட்டி

எல்லோருக்கும் நன்றி. கைடிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய தலைவலி. 'நீங்கள் சொன்னது தவறு' என்று ஒரு மாணவி எப்படிப் போய்ச் சொல்வது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

சொல்லாதீர்கள். அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் எழுதி எடுத்துப் போங்கள்: '40 பேரின் முடிவைப் பார்த்தபோது பி 0.07 என வந்ததால், மேலும் 20 பேர் சேர்க்கப்பட்டனர்.' இப்படி அச்சிடலாமா சார் என்று பணிவாகக் கேளுங்கள். அவரே வேண்டாம் என்பார். செய்ததை மறைக்காமல் எழுதினால் சங்கடம் வருமென்றால், எதைச் செய்யக் கூடாது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். மனிதர் மோசமில்லை என்கிறீர்கள். 2,000க்கும் மேற்பட்ட உளவியலாளர்களிடம் பெயர் சொல்லாமல் கேட்ட கணக்கெடுப்பு 2012இல் வந்தது. முடிவைப் பார்த்துவிட்டு இன்னும் டேட்டா சேர்க்கலாமா என்று தீர்மானித்ததாகப் பாதிக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். அவர் கற்ற காலத்தில் இது 'கவனமான ஆய்வு' என்ற பெயரில்தான் இருந்தது.

கத்துக்குட்டி

கைடைப் பார்த்துவிட்டு வருகிறேன் சார். வந்து எழுதுகிறேன்.

கத்துக்குட்டி

பேசிவிட்டேன். வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், அப்புறம் "வைவாவில் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், 40ஓடு நிறுத்து" என்றார். இரண்டு அளவீடுகளையும் சொல்லப் போகிறேன். 30 நிமிடக்காரர் இருக்கிறார். முடிவுப் பகுதியில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

"எதிர்மறைப் பின்னூட்டம் பெற்றவர்கள் குறைவான நேரம் முயன்றனர்; இவ்வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தை நெருங்கும் போக்கைக் காட்டுகிறது, டி(38) = 1.87, பி = 0.07."

புள்ளிமான்

டி, பி இரண்டும் ஒத்துப்போகின்றன, நல்லது. 'நெருங்கும் போக்கு' என்பதை வெட்டுங்கள். பி மதிப்பு எங்கேயும் நடந்து போய்க்கொண்டிருக்கவில்லை. விளைவின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் அங்கே போடுங்கள். முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் இதே வடிவம், பி என்னவாக இருந்தாலும்.

நிழல்வெளி

மின்னஞ்சல் எப்போது போகிறது?

கத்துக்குட்டி

இன்று மாலை அக்கா. நேரில் வர முடிகிறவர்களை நேரிலும் பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறேன். வாசகம் மாறியதைக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டுமா?

நிழல்வெளி

சொல்ல வேண்டும். ஒரு பக்கத் திருத்தம் போதும், பழைய வாசகத்தையும் புதியதையும் இணையுங்கள். செயலரிடம் இன்றே பேசி, பதில் வந்தவுடன் அனுப்புங்கள். யாராவது டேட்டாவை நீக்கச் சொன்னால் எத்தனை பேர், எந்தக் குழு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அதன் பிறகு கணக்கை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும், 0.07 கூட மாறலாம்.